நான் படகில் ஏறிய நாள்

எனக்கு எழுபத்தொரு வயது. வளர்த்தது ஆறு பிள்ளைகள். ஐந்து நான் பெற்றது, ஒன்று என் தங்கை விட்டுப்போனது. இது நான் பெற்ற கடைசிப் பையனைப் பற்றியது.

சுனாமியில் அவன் அப்பா போனார். பிறகு நிவாரணத்தில் ஒரு ஃபைபர் படகு வந்தது, பையன் அதில் தொழிலுக்குப் போனான். தாலியறுத்தவள் கால் பட்ட படகு அன்று கடலிறங்காது என்பது எங்கள் ஊர் வழக்கம். யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதென்று, படகு நிற்கும் பக்கமே நான் போகமாட்டேன். மீன் கரைக்கு வந்த பிறகு கூடையோடு போய் எடுத்து, கோட்டுச்சேரியில் விற்றுவிட்டு வருவேன்.

ஒருநாள் பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கள் வலைகளை அறுத்துவிட்டார்கள் என்று மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியது. பஞ்சாயத்தில் ஒருவர் பேசினார். எனக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. பேச்சென்றால் அப்படியொரு பேச்சு.

"சுனாமிக்கே சாவாத ஊருடா இது! அவனுவளுக்கா பயப்படப் போறோம்? மானத்துக்கு முன்னாடி உயிரு என்னாடா உயிரு?"

எனக்கே உடம்பு சிலிர்த்தது. என் பையன் முதல் ஆளாக எழுந்து கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். எதிர்வீட்டுப் பையன் அடுத்தவன். அன்றைக்கே படகுகளில் போய் அவர்களை அடிப்பதென்று முடிவானது. வீட்டுக்கு வந்து அரிவாளைத் தேடியவனிடம், "சாப்புட்டுட்டுப் போடா" என்றேன்.

"வந்து சாப்புடுறேன்."

வருவான் என்று எனக்குத் தோன்றவில்லை. அவனுக்கு முன்னால் கரைக்குப் போய், எங்கள் படகில் ஏறி உட்கார்ந்தேன்.

"எறங்கும்மா, மானத்த வாங்காத" என்றான்.

பஞ்சாயத்தில் பேசியவர் வந்தார். "என்னாக்கா வெளாட்டு இது? எறங்குங்க."

"நீ ஏறு தம்பி. நான் எறங்கிடுறேன்."

"எனக்குச் சக்கரைக்கா. கடலுக்குப் போயி வருசமாச்சு."

"உப்புக் காத்து பட்டா சக்கரை எறங்கும். ஏறு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "அண்ணன ஏறச் சொல்லுதுடா ஆத்தா!"

அவர் ஏறவில்லை. நானும் இறங்கவில்லை. பையன் வேறு படகுக்கு ஓடினான். "ஆத்தா ஒக்காந்த படகுக்காரன் வேணாம், ஒதுங்குடா" என்று தள்ளிவிட்டார்கள். மணலை உதைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

மற்ற படகுகள் போயின. எதிர்வீட்டுப் பையன் பிணமாக வந்தான்.

பதினாறாம் நாள் அவனுக்காகவும் அவரே பேசினார். "செத்தவன் இல்லடா அவன், ஊருக்கே காவலு!" அன்றும் எனக்குச் சிலிர்த்தது. இல்லையென்று சொன்னால் பொய். பெற்றவள் மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலை நிமிராமல் இருந்தாள்.

எங்கள் படகைக் கழுவிப் பூசை போட்டார்கள். பையன் என்னோடு பேச ஒரு மழைக்காலம் போக வேண்டியிருந்தது. நான் செய்தது சரியென்றோ தப்பென்றோ அவன் இன்றுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டு வாங்கிப் பழக்கமில்லை எனக்கு.

கையெழுத்துக்கு மேல் எனக்கு எழுத வராது. அவன் மகள்தான் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள்.

"எழுதிட்டியா? எங்க, மொதல்லேருந்து படி. சத்தமாப் படி. ஒங்கப்பன் கொல்லையிலதான் வலை தைக்கிறான்."