கால் பார்க்கும் மைலிஸ்

பஸ் கதவு திறந்ததும் மற்ற டிரைவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். மைலிஸ் காலைப் பார்க்கிறாள். ஒன்பதாம் எண் வண்டி ஆற்றுப்பாலம் தாண்டி தேக் பகுதியில் நிற்கிறது. பனியை உதறிக்கொண்டு ஒரு பெண் ஏறுகிறாள். "ஜிப்பு உள்பக்கமா இருக்கா? அப்ப முன்னால கயிறு எதுக்கு, சும்மா ஜோடனையா?" என்று மைலிஸ் கேட்கிறாள். அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் கதவு மூடி, வண்டி நகர்ந்து, தீர்ப்பும் வந்துவிடுகிறது: "கள்ள பூட்ஸு!"

வயது அறுபத்தொன்று. ஊமியோ நகரத்தில் இருபத்தாறு வருடமாக பஸ் ஓட்டுகிறாள். சுவீடனில் தெற்கத்திக்காரர்கள் மழைக்கோட்டோடு குளிர்காலத்தைத் தள்ளிவிடுவார்கள். இங்கே நவம்பரில் விழுகிற பனி ஏப்ரல் வரை கிடந்து உயிரை வாங்கும். "இந்த ஊர்ல மூஞ்சிய எவன் பாக்குறான்? ஆறு மாசம் மூஞ்சி கம்பளிக்குள்ள இருக்கு. வெளிய தெரியறது காலு ஒண்ணுதான். அதையாவது லட்சணமா வச்சுக்க வேணாமா?" என்பது அவள் கட்சி.

லட்சணம் என்றால் எண்பது வருடத்துக்கு முந்தைய லட்சணம். கணுக்காலுக்கு மேல் நான்கு விரற்கடை ஏறிய தோல், நிஜமாகவே கட்ட வேண்டிய கயிறு, அடக்கமான குதி, விளிம்பில் ஆட்டு ரோமம். ஆனால் அசல் பழசுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற ஜாதி இல்லை அவள். பழைய பாணியில் இப்போது தைத்து விற்பதையும் வாங்குவாள். "மேல பாட்டி காலம் மாதிரி இருக்கட்டும், அடி மட்டும் இந்தக் காலமா இருக்கணும். அந்தத் தோல் அடியோட ஐஸ்ல கால வச்சா அது பூட்ஸா, சறுக்குக் கட்டையா? உடையறது என் இடுப்புல்ல?"

சோதனை என்று வந்துவிட்டால் ஈவு இரக்கம் கிடையாது. ரப்பரில் கட்டைவிரல் நகத்தை அழுத்துவாள். மூன்று எண்ணுவதற்குள் தடம் மறைய வேண்டும். பாதம் மடங்கும் இடத்தில் வளைத்து வெடிப்பு தேடுவாள். பிறகு மூக்கை உள்ளே விட்டு ஒரு மூச்சு. அந்துருண்டை வாசம் வந்தால் யாரோ பத்திரமாக வைத்திருந்தது. பூஞ்சை வாடை வந்தால் அப்படியே கீழே போட்டுவிடுவாள். பழைய சாமான் சந்தையில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பது அவள் புருஷன் ஸ்டூரேயின் உத்தியோகம். "என்னைக் கட்டிக்கிறப்ப இவ்வளவு மோந்து பாக்கல இவ" என்று அவர் கடைக்காரரிடம் ஒருநாள் சொல்லப்போக, "மோந்து பாத்திருந்தா கட்டியிருப்பேனா?" என்று உடனே வாங்கிக் கட்டிக்கொண்டார். வீட்டு நடைக் கூடத்தில் அவளுடைய பதினான்கு ஜோடிகள் வரிசையாக நிற்கின்றன. ஸ்டூரேயின் இரண்டு ஜோடிகள் பால்கனியில் பனியில் கிடக்கின்றன.

பதினான்கு இருந்து என்ன, வேண்டியது கிடைக்கவில்லையே! அவள் பதினோரு குளிர்காலமாகத் தேடுவது ஒரே ஒரு சாமான். ஊர்க்காரர்கள் அதைப் பம்பூஷ் என்பார்கள். போட்டிருக்கிற ஷூவைக் கழற்றாமல் அதன் மேலேயே இழுத்து மாட்டிக்கொள்கிற ரப்பர் பூட்ஸ். உள்ளே கம்பளி, மேலே ரோம விளிம்பு, ஷூவின் குதி போய் உட்கார அடியில் ஒரு குழி. வாசலில் அதை விட்டுவிட்டால் உள்ளே ஈரம் படாத ஷூவோடு மகாராணி மாதிரி நடக்கலாம்.

எதற்கு இந்தப் பிடிவாதம் என்றால், ஜனவரி பதிமூன்றாம் தேதிக்காக. அன்று கிறிஸ்துமஸ் மரத்தை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு ஊரே ஆடும். நடன மண்டப வாசலில் நாற்பது பெண்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, குனிந்து, முனகி, பூட்ஸைப் பிடுங்கி எறிந்து, பிளாஸ்டிக் பையிலிருந்து ஆடுகிற ஷூவை எடுத்து மாட்டுவார்கள். மைலிஸுக்கு அந்த பெஞ்சைக் கண்டாலே எரிச்சல். நின்றபடியே இடது கால் ஒரு உதறு, வலது கால் ஒரு உதறு, நேரே ஆட்டத்துக்குள் போய்விட வேண்டும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவையாவது. இதற்காகத் தபாலில் புதுசு ஒன்று வரவழைத்துப் பார்த்தாள். குதிக்குழி ஆழமில்லாமல், பஸ் பணிமனையில் ஒன்பது டிரைவர்கள் பார்க்க மல்லாந்து விழுந்ததுதான் மிச்சம்.

கடைகள் கைவிட்டதால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீடு பார்க்கப் போக ஆரம்பித்தாள். வாங்குவதற்கு இல்லை. யாராவது கிழவி இறந்துபோய் வீடு விலைக்கு வந்தால், யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். எல்லாரும் சமையலறையின் நீள அகலம் கேட்பார்கள். மைலிஸ் நடைக்கூடத்து அலமாரியைத் திறப்பாள்.

இந்த ஜனவரி முதல் ஞாயிறு, தேக்கில் இரண்டாம் மாடி. ஆட்டத்துக்கு ஆறே நாள். வாசலில் வழக்கம்போல் ஒரு பூட்ஸ் மலை. வந்தவர்கள் அத்தனை பேரும் காலுறையோடு உள்ளே திரிகிறார்கள். வீட்டுத் தரகர் ரஸ்மூஸுக்குக்கூடக் கட்டைவிரல் காலுறையைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறது. உள்ளே சமையலறையில் மட்டும் யாரோ டக் டக்கென்று குதி ஒலிக்க நடக்கிறார்கள். மைலிஸுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. பூட்ஸ் மலையைத் தாண்டி, செத்துப்போனவளின் குடைக்கும் தொப்பிப் பெட்டிக்கும் நடுவில், கீழ்த்தட்டில் அது நின்றது. கறுப்பு. ரோம விளிம்பு. முப்பத்தாறாம் அளவு, அவள் அளவேதான்.

"இங்க இருக்குறதெல்லாம் என்ன பண்ணப் போறீங்க?" என்றாள், குடையைப் பார்ப்பதுபோல்.

"நாளைக்குக் குப்பை வண்டி வருது. வேணுங்கறத எடுத்துக்குங்க, எனக்குத் தூக்குற வேலை மிச்சம்" என்றார் ரஸ்மூஸ்.

நகத்தை அழுத்தினாள். தடம் ஒன்றரையிலேயே மறைந்தது. மோந்துகூடப் பார்க்கவில்லை, அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்தாள். தன் பூட்ஸைக் கழற்றிவிட்டு, கைப்பையில் எப்போதும் இருக்கும் ஆடுகிற ஷூவை மாட்டி, அதன் மேல் இழுத்தாள். குதி குழிக்குள் சொன்னபடி கேட்டு இறங்கியது. ஆகா! ஆனால் உள்ளே கதகதவென்று இருந்தது.

செத்து மூன்று மாதமானவளின் செருப்பு சூடாக இருக்குமா? அந்த நொடியே அவளுக்குப் புரிந்துவிட்டது. டக் டக் யாருடையது என்பதும் புரிந்துவிட்டது. பம்பூஷ் போட்டு வந்தவள்தானே உள்ளே ஷூவோடு நடக்க முடியும்? கண்டவர்களெல்லாம் ஈர பூட்ஸோடு வந்து மிதிக்கிற குவியலில் அதை அவள் விடுவாளா? தனியாகத் தட்டில்தான் வைப்பாள். மைலிஸ்கூட அங்கேதான் வைத்திருப்பாள்.

எல்லாம் புரிந்த பிறகும் அவள் எழுந்து, தன் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு படியிறங்கி, தெருவில் நடந்தாள். பொய் சொல்லக் கூடாது, சுகமாகத்தான் இருந்தது. பஸ் நிறுத்தம் வரை போய்விட்டாள். அங்கே நின்று திரும்பிப் பார்த்தால், வந்த சரிவு முழுக்க உருகி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. அதில் தோல் அடி ஷூவோடு, குதி வேறு உயரம், ஒருத்தி இறங்கி வர வேண்டும். இருபத்தாறு வருடத்தில் பஸ் கண்ணாடி வழியாக எத்தனை பேர் விழுந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறாள்! "சே, சனியன்!" என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பினாள்.

வாசலில் எழுபத்தைந்து மதிக்கத்தக்க அம்மாள் ஒருத்தி ரஸ்மூஸை நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தாள். பெயர் யோர்டிஸ், முன்பு நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவள். மைலிஸ் உள்ளே வந்து, எல்லார் முன்னாலும் இடது கால் ஒரு உதறு, வலது கால் ஒரு உதறு. பம்பூஷ் இரண்டும் யோர்டிஸின் முன்னால் ஜோடியாக வந்து நின்றன.

"என்னுதைப் போட்டுக்கிட்டு எங்க ஊர்வலம் போயிட்டு வர்றீங்க?"

"செத்துப்போனவங்களுதுன்னு நெனச்சேன்."

"ஓகோ, நான் செத்துட்டேனா?"

"இல்ல. உள்ள சூடா இருந்துச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சப்புறம் எவ்வளவு தூரம் போனீங்க?"

"பஸ் ஸ்டாப் வரைக்கும்."

யோர்டிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "போடி பைத்தியக்காரி. நானா இருந்தா பஸ் ஏறியிருப்பேன்."

அதோடு யோர்டிஸின் வாயில் நீங்க போய் நீ ஆயிற்று. வீடு வாங்க வந்தீர்களா என்று மைலிஸ் கேட்டாள். "வீடா? செத்துப்போன இந்த வீட்டுக்காரியோட இருபது வருஷம் ஒண்ணா பாட்டுக் குழுவுல பாடியிருக்கேன். ஒரு நாள் வாடி, காப்பி குடின்னு சொல்லியிருப்பாளா? அப்படி என்னத்த உள்ள ஒளிச்சு வச்சிருந்தான்னு பாக்க வந்தேன். ஒண்ணுமில்ல, ஓட்டை அடுப்பு!" ரஸ்மூஸ் இரண்டு பேரையும் வாங்குபவர்கள் பட்டியலில் எழுதியிருந்தார், பாவம்.

"இதைக் குடுத்துடுங்களேன்" என்றாள் மைலிஸ்.

"என் காலோட வேணா வெட்டிக் குடுக்கறேன்."

"ஒரு நாளைக்கு மட்டும்? பதிமூணாந்தேதி ராத்திரி ஆட்டம் முடிஞ்சதும் கொண்டாந்து தந்துடறேன்."

"தருவியா?"

மைலிஸ் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "தெரியலையே" என்றாள்.

"அதான பாத்தேன்! சரி, எனக்கப்புறம் உனக்குன்னு உயில்ல எழுதிடறேன், போ. ஆனா ஒண்ணு, எங்கம்மா தொண்ணூத்தேழு வரைக்கும் இருந்தா. வரிசையில நில்லு."

பதிமூன்றாம் தேதி மைலிஸ் பிளாஸ்டிக் பையோடு போய், அந்த பெஞ்சிலேயே நாற்பது பேரோடு குனிந்து முனகினாள். ஆசைப்பட்டது கண்ணெதிரே வந்து போய்விட்டதே என்று அன்றிரவு அவளுக்கு வயிறு எரிந்தது. ஸ்டூரேயிடம் வாய்விட்டே சொன்னாள். "உதறினியே, ஒரு தடவை. பாத்தாங்கல்ல?" என்றார் அவர். "பாட்டு இல்லாம உதறி என்ன புண்ணியம்?" என்றாள்.

யோர்டிஸ் இப்போது செவ்வாயும் வெள்ளியும் ஒன்பதாம் எண்ணில் பாட்டுக் குழுவுக்குப் போகிறாள். நேரே போகிற ஐந்தாம் எண் அவள் வீட்டு வாசலிலேயே நிற்கும். அதை விட்டுவிட்டு இரண்டு தெரு நடந்து வருகிறாள். பஸ்ஸின் முன்பக்கத்தை ஒரு விசை அழுத்தித் தரையோடு தாழ்த்தலாம். சக்கர நாற்காலிக்கும் ஊன்றுகோலுக்கும் உள்ள வசதி அது. யோர்டிஸுக்கு இரண்டும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பனிச்சறுக்கில் காடு சுற்றுகிற பிறவி. ஆனாலும் நிறுத்தத்தில் அந்தக் கறுப்பு ரோம விளிம்பு தெரிந்ததும் மைலிஸ் விசையை அழுத்துகிறாள், வண்டி பெருமூச்சு விட்டுக்கொண்டு இறங்குகிறது. "அந்தம்மா கால் நல்லாத்தானே இருக்கு? நேரமாகுதுல்ல!" என்று ஒருநாள் பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். யோர்டிஸ் ஒரு காலைத் தூக்கி, படிக்கு மேலே அந்தரத்தில் நிறுத்தி, பம்பூஷை இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு திருப்பிக் காட்டினாள். படியின் இரும்பு விளிம்புக்கும் உயில்படி தனக்கு வர வேண்டிய ரப்பருக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, மைலிஸ் விசையை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.