பொண்ணு பாக்க வந்த அன்னைக்குத் தண்ணி வந்துச்சு

தண்ணி வர்றதுக்கு முன்னாடி தெருக்குழாய் புஸ்ஸ்ஸ்னு காத்து விடும். அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு...

அருப்புக்கோட்டையில எங்க தெருவுக்கே ஒரு குழாய்தான். ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒரு மணி நேரம் தண்ணி. வெயில் காலத்துல அதுவும் சந்தேகம். பித்தளைக் குடம், எவர்சில்வர் குடம், ஆள் வர முடியாத வீட்டுக்கு ஒரு செங்கல்லுன்னு வரிசை தெருமுனை வரைக்கும் போகும்.

அந்த வரிசைக்கு அதிகாரி எங்க ராமு அண்ணன்.

அண்ணனுக்குப் பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. இருபத்தஞ்சு வயசுலயும் சட்டைக்கு நாங்கதான் பட்டன் போட்டுவிடணும். பேச்சு பத்துப் பன்னெண்டு வார்த்தை. ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியாது. ஆனா எந்தக் குடம் யாரோடது, எதுக்குப் பின்னாடி எது, எல்லாம் அத்துப்படி. குடத்துல இருக்கிற நெளிசலைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவான். ஒரு குடம் நிறைஞ்சதும் "அடுத்து யாரு?"ன்னு ஒரு அதட்டல். தெரு அடங்கிடும்.

எங்க அம்மாவே ஒரு தடவை நைசா குடத்தை முன்னாடி நகர்த்தப் பார்த்தாங்க... தூக்கிட்டுப் போய் பழைய இடத்துலயே வச்சுட்டான். பெத்த தாய்க்கும் சலுகை கிடையாது!

அவன் குழாயடியில இருந்தா தெருவே அவனைப் பார்த்துக்கும். எதிர்வீட்டு சரசக்கா சோறு போட்டுடுவாங்க. மல்லாங்கிணறுல ஒரு கல்யாணம்னா அம்மா தயங்கினதே இல்ல. "போய்ட்டு வாங்க மதினி. ராமு எங்கிட்ட இருப்பான்"னு சரசக்கா சொல்லிடுவாங்க. அதை ஒரு உதவின்னு அவங்களும் நினைக்கல, நாங்களும் நினைக்கல.

எழுபத்தி நாலோ அஞ்சோ... திருச்சுழியிலருந்து என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்க. அதுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரும் அண்ணனைப் பார்த்ததும் "சொல்லி அனுப்புறோம்"னு போனவங்கதான். அதனால இந்தத் தடவை அப்பா, காலையிலேயே அண்ணனை பஜார்ல இருக்கிற எங்க வத்தல் கடையில கொண்டு போய் உட்கார வச்சுட்டாரு, ஒரு காராச்சேவுப் பொட்டலத்தோட. எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா வாயைத் திறக்கல. இந்தக் கல்யாணமாவது நடக்கணும்னு எனக்கும் ஆசை. இப்ப நினைச்சாலும் வெக்கமா இருக்கு.

எல்லாம் பக்காவாத்தான் பண்ணோம். மாப்பிள்ளை வீட்டுக்கு மறைச்சவங்க, தெருவுக்குச் சொல்ல மறந்துட்டோம்!

நான் காபித் தட்டோட நிக்கிறேன். வெளியே... புஸ்ஸ்ஸ்.

முறை இல்லாத நாள்ல தண்ணி! அஞ்சே நிமிசத்துல குடத்தோட குடம் மோதுது, ஏச்சுப்பேச்சு காது கிழியுது. இடுப்புல காலிக் குடத்தோட சரசக்கா விறுவிறுன்னு உள்ள வந்துட்டாங்க.

"மதினி, ராமு எங்க? அங்க குடுமிப்பிடி சண்டையாக் கெடக்கு. அவன் வந்தாத்தான் அடங்குவாளுக!"

மாப்பிள்ளையோட அம்மா டம்ளரைக் கீழ வச்சாங்க. "யாரு ராமு?"

அப்பா தரையைப் பார்க்கிறாரு. அம்மா முந்தானையைத் திருகுறாங்க. எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்துச்சோ... "எங்க அண்ணன். மூளை வளர்ச்சி பத்தாது. நீங்க வாரீகன்னு கடையில உக்கார வச்சிருக்கோம்"னு சொல்லிட்டேன்.

அந்தம்மா என்னையும் சரசக்காவையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க.

"ஒரு தெருவே தேடுற புள்ளைய ஏன் ஒளிச்சு வச்சீக? கூட்டிட்டு வாங்க. நாங்க பாத்துட்டே போறோம்."

உடனே மாப்பிள்ளை எந்திரிச்சு, கடை எங்கன்னு கேட்டுக்கிட்டு அப்பாவோட சைக்கிளை எடுத்துட்டுப் போயிட்டாரு! கால் மணி நேரத்துல திரும்பி வந்தாரு பாருங்க... மாப்பிள்ளை வேர்க்க விறுவிறுக்க மிதிக்க, பின்னாடி கேரியர்ல எங்க அண்ணன், காராச்சேவைக் கொறிச்சுக்கிட்டு. "தண்ணி வந்துருச்சு"ன்னு சொன்னதும் தானா ஏறிட்டானாம்.

வீட்டுப் பக்கம் திரும்பக்கூட இல்ல. குழாயடியில குதிச்சான். "அடுத்து யாரு?"

சண்டை நின்னுச்சு. மாப்பிள்ளையோட அம்மாவுக்கு ஒரே வேடிக்கை. எங்க வீட்டுக் குடம் ஒண்ணை வாங்கி, சும்மா வரிசைக்கு முன்னாடி கொண்டு போய் வச்சாங்க. அண்ணன் அவங்களை மேலயும் கீழயும் பார்த்தான். குடத்தைத் தூக்கிக் கடைசியில வச்சுட்டு வந்தான். அப்பாவுக்கு முகமே வெளுத்துப் போச்சு. அந்தம்மா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறாங்க.

"நம்ம கல்யாணத்துல பந்திய இவன் பாக்கட்டும். ஒருத்தன் முன்னாடி நுழைய முடியாது!"

'நம்ம கல்யாணம்'னு கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

பந்தியை அவன்தான் பார்த்தான். மாப்பிள்ளைக்கே ரெண்டாம் பந்திதான் கிடைச்சுது!

அம்மா, அப்பா போன பிறகு, அண்ணனை என்ன பண்றதுன்னு எங்க வீட்டுக்காரரு ஒரு பேச்சுப் பேசல. அவரே அருப்புக்கோட்டைக்கு பஸ்ஸேறிப் போய்க் கூட்டிட்டு வந்துட்டாரு. கையில காராச்சேவுப் பொட்டலம்.

இப்ப மதுரையில ஃப்ளாட். குழாயைத் திறந்தா தண்ணி. மேல் வீட்டுப் பொண்ணு ஒருத்திக்கு ஒன்பது வயசுல மக, எங்க அண்ணன் மாதிரியே. ஸ்பெஷல் ஸ்கூல், தெரபி, அடையாள அட்டைன்னு எல்லாம் இருக்கு. எங்க அம்மாவுக்கு இதுல ஒண்ணுகூடக் கிடைக்கல. ஆனா அந்தப் பொண்ணு லிஃப்ட்ல ஒருநாள் சொன்னா, "நான் ஒரு விசேஷத்துக்குப் போய் ஆறு வருசமாச்சு ஆன்ட்டி. இவளை யாருகிட்ட விட?"

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. நாப்பது வீடு இருக்கிற கட்டடம். ஒருத்தரும் கேட்கல. நானும்தான் கேட்கல.

பத்து நாள் பாப்பாவை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து பழக்கினோம். அப்புறம் அவ சொந்தத்துல ஒரு கல்யாணம் வந்தப்ப சொன்னேன், "போய்ட்டு வாம்மா. பாப்பா எங்கிட்ட இருப்பா."

சாயங்காலம் அவ கல்யாணத்துலருந்து திரும்பி வந்தா. சமையக்கட்டுலருந்து வாசல் வரைக்கும் பாட்டிலும் டம்ளருமா வரிசை. ஒரு பக்கம் பாப்பா, ஒரு பக்கம் நரைச்ச தலையோட அண்ணன். மகளைத் தூக்க ஓடி வந்தவளைக் கையைப் பிடிச்சு வரிசைக் கடைசியில நிறுத்திட்டான்!

அவளும் நின்னா, கையில தாம்பூலப் பையோட, சிரிச்சுக்கிட்டே. இத்தனை வருசத்துல அவ தலையில பூவை அன்னைக்குத்தான் பார்த்தேன்... சரசக்கா இப்ப எதிர்வீட்டுல இருந்தா, ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன்.