ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த பாவாடைகள்

எங்கள் வீட்டில் அப்பா "பார்ப்போம்" என்று சொல்லிவிட்டால் அந்தக் காரியம் நடக்காது என்று அர்த்தம். உழவு மாட்டை மாற்றலாமா என்று பெரியப்பா கேட்டாலும் பார்ப்போம். மதுரைக்கு ஒரு நடை போய் வரலாமா என்று அம்மா கேட்டாலும் பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பை நல்ல மார்க்கோடு முடித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் இண்டர்மீடியட் சேர்கிறேன், அங்கே பெண்களுக்கு விடுதிகூட இருக்கிறது என்று நான் கேட்டபோதும் அதே பதில்தான். கூடப் படித்த பையன்கள் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். நான் போடிநாயக்கனூரில் வீட்டோடு உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். முறத்தை நான் தட்டுகிற சத்தத்தைக் கேட்டு அம்மா, "உளுந்து என்னடி செஞ்சுச்சு உன்னைய?" என்பார்.

அந்த வருடம்தான், ஐம்பதுகளின் நடுவில், அதே பல்கலைக்கழகம் தன் மாணவர் கலைவிழாவை எங்கள் ஊரில் நடத்தியது. பெரிய ஊர்களிலேயே நடத்திச் சலித்துப்போய், ஒரு முறை மலையடிவாரத்தில் நடத்தலாமே என்று அங்கே யாருக்கோ தோன்றியிருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் பள்ளிக்கூட மைதானத்தில் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். பாட்டு, நாடகம், நடனம், ஓவியம் என்று நான்கு நாட்களுக்குக் கல்லூரிகளுக்கிடையே போட்டிகள். தங்குவதற்கு விடுதி கிடையாது என்பதால், வந்த மாணவர்களை வீட்டுக்கு இத்தனை பேர் என்று பிரித்து விட்டார்கள். எங்கள் வீட்டுக்கு நான்கு பெண்கள் வந்தார்கள். நான்கு பேரும் சேர்ந்து குறத்தி நடனம் ஆட வந்தவர்கள்.

அப்பா அவர்களை வாசலில் நின்று வரவேற்றார். நான் உள்ளே கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். படித்த பெண்பிள்ளை என்றால் எப்படி இருப்பாள் என்பதை அப்பா நேரில் பார்க்கப்போவது இதுவே முதல் தடவை. இந்த நான்கு பேரும் ஒழுங்காக இருந்தால் எனக்கு வழி பிறக்கும். ஏதாவது கோணலாக நடந்துகொண்டால் என் படிப்பு அன்றோடு போயிற்று. பரீட்சை எனக்கு, எழுதப்போகிறவர்கள் அவர்கள். இது அவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

முதல் நாளே தொடங்கிவிட்டார்கள். உரக்கச் சிரித்தார்கள். விடிந்து வெகுநேரம் கழித்து எழுந்தார்கள். ஒருத்தி முற்றத்தில் நின்று தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தாள். நான் பின்னாலேயே போய், "அக்கா, கொஞ்சம் மெதுவாச் சிரிங்கக்கா, அப்பா இருக்காக" என்று கெஞ்சினேன். அவர்களில் மூத்தவள், நடனக் குழுவின் தலைவி, அதற்கும் சிரித்தாள். அவளைக் கிள்ளி வைக்கலாம் போல இருந்தது எனக்கு. அப்பாவோ, சாப்பாட்டு நேரத்தில், "பிள்ளைகளுக்கு இன்னும் ரெண்டு தோசை வையி" என்றதோடு சரி.

அவர்கள் நடனம் கடைசி நாள் மாலையில். அதற்கு முந்தின நாள் அந்த மூத்தவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஆடப்போவது மலைக்குறத்தி நடனம். மலை எதிரிலேயே இருக்கிறது. குறத்தி உடையோடு மலையில் நின்று ஒரு போட்டோ எடுத்தால் கல்லூரி மலரில் போடலாம். அப்பாவிடம் அவளே போய்க் கேட்டாள். பார்ப்போம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். விருந்தாளிகள் ஆயிற்றே, "அதுக்கென்ன, வாங்கத்தா" என்று சொல்லிவிட்டார். என்னிடம் ஒரு நாளாவது அப்படிச் சொன்னாரா என்று எனக்குப் பொறுக்கவில்லை.

குரங்கணி மலைக்கிராமத்துக்கு மேலே சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. காய் பறிப்பு நடந்துகொண்டிருந்த சமயம். பறித்த காயை அங்கேயே ஸ்டோரில் போட்டு உலர்த்துவோம். ஸ்டோர் என்றால் கடை இல்லை. கல்லால் கட்டிய இறுக்கமான அறை. வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு குழாய் வழியாக உள்ளே ஓடும். தட்டுத் தட்டாகப் பரப்பிய காய் பச்சை நிறம் மாறாமல் காயும். அப்படிக் காய்கிறபோது கதவைத் திறக்கக்கூடாது. அம்மாகூட அந்தக் கதவைத் தொட்டதில்லை.

குரங்கணி வரை ஜீப்பில் போனோம். அப்புறம் நடை. பெண்கள் ஸ்டோரில் உடை மாற்றிக்கொள்ளலாம் என்று எதிர்பார்த்தார்கள். அது பூட்டியிருந்ததால் பக்கத்துக் குடிசையில் மாற்றிக்கொண்டார்கள். சிவப்பும் பச்சையுமாகப் பாவாடைகள். அவை முழுக்க ஜிகினாப் பொட்டுகள், பசை வைத்து ஒட்டியவை. வெயிலில் அவர்கள் நின்றபோது காய் பறிக்கிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் கொண்டுவந்த கேமராவில் போட்டோவும் எடுத்தாயிற்று. இன்னும் ஒன்று, அந்தப் பாறை மேல் ஒன்று என்று மேலே ஏறிப் போனபோதுதான் மழை பிடித்துக்கொண்டது. மலை மழை சொல்லிவிட்டா வரும்? ஓடி இறங்கி வருவதற்குள் நான்கு பேரும் தொப்பலாக நனைந்துவிட்டார்கள்.

காய் பறிக்கிறவர்கள் கம்பளி கொடுத்தார்கள். நான்கு பேரும் குடிசையில் இருந்த தங்கள் உடைக்கு மாறி, தலை முதல் கால் வரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்தார்கள். பாவாடைகளைப் பிழிந்தால் சாயத் தண்ணீர் கொட்டியது. மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை. மறுநாள் மாலைக்குள் அது காய வழியே கிடையாது. அவ்வளவு சிரித்த மூத்தவள் சத்தமில்லாமல் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அவளுக்காகப் பாதி, எனக்காகப் பாதி. அவள் அழுகையைப் பார்த்துவிட்டு அப்பா, பெண்பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பினால் இப்படித்தான் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

அப்பா எழுந்து ஸ்டோர் வாசலுக்குப் போனார். பிறகு அடுப்பு பார்க்கிற ஆளிடம், "கதவைத் தொறய்யா" என்றார்.

அந்த ஆள் மலையாளத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். பதறிப்போனார். "மொதலாளி, இப்பத் தொறந்தா காயோட நெறம் போயிடும் கேட்டோ."

"நெறம் போனாலும் காய் காய்தான். நம்ம வீட்டுல தங்குன பிள்ளைக ஈரத் துணியோட மேடையில ஏறுறதா? தொறங்கிறேன்."

பாவாடைகள் ஏலக்காய்த் தட்டுகளுக்கு மேலே போயின. அப்பா அங்கேயே தங்கிவிட்டார். எங்களை ஜீப்பில் கீழே அனுப்பிவைத்தார்.

மறுநாள் மதியம் தாண்டி அப்பாவே மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். முகம் சரியில்லை. மூட்டையை அவிழ்த்தோம். துணி மொடமொடவென்று காய்ந்திருந்தது. ஏலக்காய் மணம் ஆளைத் தூக்கியது. ஆனால் ஜிகினாவைக் காணோம். அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து பொட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

நடந்தது இதுதான். ஸ்டோரிலிருந்து எடுத்த காயைச் சூடு ஆறுவதற்குள் கம்பிச் சல்லடையில் போட்டுத் தேய்ப்பார்கள்; அப்போதுதான் காம்பும் வாலும் உதிர்ந்து காய் சுத்தமாகும். வருடக்கணக்காகச் செய்து பழகிய கை. ராத்திரி முழித்த தூக்கக் கலக்கத்தில், அந்தக் கைப்பழக்கத்தில் பாவாடைகளையும் சூட்டோடு எடுத்துச் சல்லடையில் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். தேய்த்தது அந்த அடுப்புக்காரரும் அப்பாவும் சேர்ந்துதான். சல்லடைக்குக் கீழே ஜிகினா கொட்டிய பிறகுதான் இருவருக்கும் உறைத்திருக்கிறது.

"காய் நெனைப்புலயே தேச்சுப்புட்டம்த்தா" என்றார் அப்பா. ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிற மனிதர், அந்த மூத்தவளின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இவள் இப்போது சிரித்தால் தீர்ந்தது. வாழ்நாள் முழுக்க அப்பா கல்லூரி என்ற பேச்சையே எடுக்க விடமாட்டார்.

அவள் பாவாடையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "அப்பா, நிஜக் குறத்தி ஜிகினாவா ஒட்டிக்கிறா? இதுதான் சரியா இருக்கு. ராத்திரி பூரா எங்களுக்காக முழிச்சிருந்தீங்களா? போய்ச் சாப்பிட்டுட்டுத் தூங்குங்க. சாயந்தரம் முன்வரிசைல வந்து உட்காரணும்" என்றாள். அப்பா உள்ளே போனதும் நான்கு பேரும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் தாவணியை அடைத்துக்கொண்டு, தரையில் உருண்டு சிரித்தார்கள். நானும்தான். அந்த நிமிடத்தில் அவள் என் கூடப்பிறந்தவள் ஆனாள்.

அன்று மாலை அவர்கள் ஆடிச் சுழன்றபோது கொட்டகை முழுக்கப் பாயச மணம். முன்வரிசையில் இருந்த நடுவர்கள் யார் வீட்டுப் பந்தி என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டம் முடிந்ததும் எங்கள் ஊர்ப் பெண்கள் எழுந்து குலவை போட்டார்கள். வெளியூர் மாணவர்கள் திடுக்கிட்டுப் போனார்கள். பரிசு வேறு கல்லூரிக்குப் போயிற்று. உடை அலங்காரத்தில் மார்க் குறைந்துவிட்டதாம். அவர்கள் நால்வரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாதான் வீடு வரும்வரை பொருமிக்கொண்டு வந்தார். "ஆட்டத்தைப் பாருங்கடான்னா பாவாடையப் பாத்துருக்கான். இவனுகளையெல்லாம் யாரு நடுவராப் போட்டது? எம் பிள்ளைக என்னமா ஆடுச்சுக!" எம் பிள்ளைக என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன். எதையும் நம்பிவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் காலை அவர்களை அழைத்துப் போக நான் சேர ஏங்கிய அதே விடுதியின் காப்பாளர் அம்மா வந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த பெண்மணி. அப்பாவுக்கு நன்றி சொன்னார். காபி குடித்தார். என்னைப் பார்த்து என்ன படிக்கிறாய் என்று கேட்டார். வீட்டில் இருக்கிறேன் என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வண்டியைப் பார்க்கப் போனார். பெட்டிகள் வண்டியில் ஏறின. மூத்தவள் என் கையைப் பிடித்தாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது அப்பா கேட்டார். "டீச்சரம்மா, மழைக்காலத்துல உங்க ஆஸ்டல்ல பிள்ளைக துணிய எங்க காயப் போடுவீக?"

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "பின்பக்கம் தாழ்வாரம் இருக்கிறது, ஐயா. கொடி கட்டியிருக்கிறோம்."

"அடுப்பு அனல் எதுவும் கெடையாதா?"

"கிடையாதுங்க."

"தாழ்வாரத்துல எப்பிடிக் காயும்?" என்று அப்பா சலித்துக்கொண்டார். பிறகு என்னைக் கைகாட்டி, வீட்டுக்குள் பார்த்து அம்மாவிடம் குரல் கொடுத்தார். "ஏ, இங்க பாரு. இவளுக்கு மாத்துத் துணி கூடக் கொஞ்சம் எடுத்துக் குடுத்து விடணும் போலருக்கு."

நான் கொல்லைப்பக்கம் ஓடிப்போய் மாட்டுத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். அம்மா பின்னாலேயே வந்து, "இப்ப எதுக்குடி அழுகுற? அங்க போயித் துணி காயாதுன்னா?" என்று கேட்டார். அவர் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.