கேட்டில் நின்ற மூன்றுகால் நாய்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பெரம்பலூரிலிருந்து வேலைக்குப் போன பஸ், அரியலூருக்குச் சற்று முன்பு ரயில்வே கேட்டில் நிற்கும். கேட்காரர் நரைத்த மீசைக்காரர். அவர் காலடியில் ஒரு நாய். ரயிலில் நசுங்கிய அதன் முன்னங்கால் ஒன்றை மாட்டாஸ்பத்திரியில் எடுத்துவிட்டிருந்தார்கள்.

பயணிகள் பரிதாபப்பட்டு ஜன்னல் வழியாக பன் வீசுவார்கள். அவர் ஓடிவந்து அதைப் பொறுக்கிக் காக்கைகளுக்கு எறிந்துவிடுவார்.

ஒருநாள் ஓர் அம்மாள் கேட்டேவிட்டாள். "வாயில்லா ஜீவன் திங்கிறதைப் புடுங்குறீங்களே, நீங்கல்லாம் மனுசனா?"

"உடம்பு போட்டுடுச்சும்மா. முன்பக்கத்துக் கனமெல்லாம் அந்த ஒத்தைக் கால்லதான் எறங்குது. பாருங்க, வளைஞ்சிடுச்சு. அதுவும் போயிட்டா எந்திரிக்காதுங்க."

"கல்நெஞ்சுக்காரன்" என்றது பின்சீட்டுக் குரல் ஒன்று.

ரயில் வந்தது. அவர் கொடி பிடித்து நிற்க, கால் இல்லாத பக்கத்தை அவர்மேல் சாய்த்து நாயும் நின்றது. ரயில் போனதும் டிரைவர் ஹாரன் அடித்தார். கேட்காரரோ முதலில் குனிந்து, அதன் நெஞ்சைத் தாங்கி மெதுவாகப் படுக்கவைத்தார். பிறகுதான் கேட்டைத் தூக்கும் சக்கரத்துக்குப் போனார்.

பஸ்ஸில் எல்லோரும் அதைப் பார்த்தோம். பஸ் நகரும்போது ஜன்னலிலிருந்து இன்னொரு பன் விழுந்தது. நாய் எழப்பார்த்தது. அவருடைய இரண்டு கைகளும் சக்கரத்தில் இருந்தன.