சஹனில் நாலாவது ஆள்

ஆம்பூரில் தோல் மண்டி வைத்திருந்த ஒரு சாயபுவிடம் நான் கார் ஓட்டினேன். அதற்கு முன்னால் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி.

சாயபு தன் மகளைக் கொழும்பில் கட்டிக் கொடுத்திருந்தார். அவளைப் பார்த்துவிட்டு, அப்படியே இலங்கையைச் சுற்றிப் பார்த்து வரலாம் என்று ஒரு வருஷம் கிளம்பினார். கூட அவர் பெண்சாதியின் தம்பி. கார் சம்பந்தி கொடுப்பதாகப் பேச்சு. ஓட்ட நான்.

என் தங்கச்சி அங்கே அட்டன் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தாள். கங்காணி கூட்டிப்போன ஜனத்தோடு அவளும் அவள் புருஷனும் போனார்கள். ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. ஊருக்குத் திரும்பி வந்த ஒருத்தன் தோட்டத்துப் பேரைச் சொன்னான். உசுரோடு இருக்கிறாள், இளைத்துப் போய்விட்டாள் என்றான். வேறு ஒன்றும் தெரியாது.

கிளம்புவதற்கு முன்பே சாயபுவிடம் சொன்னேன். அவர் யோசித்தார்.

"பெட்ரோல் காசு தனியா இருக்குது. சாப்பாட்டுக் காசு எத்தினி நாள் தாங்குதோ அத்தினி நாள்தான் சுத்துறது. தாங்குச்சின்னா கடைசியா அட்டன் போய்டலாம். தாங்கலேன்னா என்னைக் கேக்காதே. சம்பந்திகிட்ட காரும் வாங்கிட்டு கையும் நீட்ட மாட்டேன்."

"சரி பாய்" என்றேன். அது போதும் எனக்கு.

தனுஷ்கோடியில் கப்பல் ஏறினோம். சாயபு கையோடு சஹனும் வந்தது. சஹன் என்றால் பெரிய தாம்பாளம். சோறு கொட்டி, நடுவில் கறி வைத்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். அந்த வீட்டில் அது வழக்கம். முதல் நாள் சாயபு என்னையும் உட்காரச் சொன்னார். நான் சேரியில் பிறந்தவன். வெளியாள் ஒருத்தர் என்னோடு ஒரே தட்டில் கை வைத்தது அதுதான் முதல் தடவை. என் பக்கத்து ஓரத்திலிருந்து மட்டும் எடுத்துச் சாப்பிட்டேன்.

ஆனால் நாங்கள் மூன்று பேர். சஹனுக்கு நாலு பேர் வேண்டும். ஒரு பக்கம் காலியாக இருந்தால் சாயபுவுக்குக் கை போகாது. முஸ்லிம் சோற்றுக்கடை எங்கே இருக்கிறது என்று பார்த்து வண்டியை நிறுத்துவேன். அவர் நாலு பேருக்குச் சோறு வாங்குவார். பிறகு ரோட்டில் போகிற யாரையாவது கூப்பிடுவார். ஊரில் கணக்குப் போட்டது மூன்று வாய்க்கு.

காலிக்குப் போகிற வழியில் பூசணிக்காய் விற்கிற சிங்களவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். சஹன் வழித்த மாதிரி ஆனது. இன்னும் சோறு வாங்க வேண்டியதாயிற்று.

"இவரு நாலாவது ஆளு இல்லே மச்சான்" என்றார் சாயபுவின் மைத்துனர். "நாலும் அஞ்சும் ஆறும் இவரே."

"தின்னட்டும்டா. உன் சோத்தையா தின்றாரு?"

சுருக்குப்பை மைத்துனர் இடுப்பில் இருந்தது. நாளுக்கு நாள் அது இளைத்தது. அவர் பணம் எடுக்கும்போதெல்லாம் என் கண் அங்கே போகும். கண்டிக்கு வந்ததும் கேட்டுவிட்டேன்.

"பாய், இனிமே மூணு பேருக்கே வாங்கினா இன்னா?"

மைத்துனர் சிரித்தார். "நீ டிரைவரா, கணக்குப்புள்ளையா? அப்போ உன்னை எழுப்பிட்டு ரெண்டு பேருக்கே வாங்கட்டுமா?"

சாயபு சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "ஆளைக் கூப்ட்டு உக்கார வைக்காம எனக்கு சோறு இறங்காதுப்பா. இன்னா பண்றது" என்றார்.

அந்த வழக்கத்தால்தான் நானும் அந்தத் தட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அட்டன் போகிற வழியில், கம்பளையில் சுருக்குப்பை தீர்ந்தது. அன்று மத்தியானச் சோற்றுக்குத்தான் காசு இருந்தது. அங்கேயும் சாயபு நாலு பேருக்கு வாங்கினார். மலையிலிருந்து இறங்கி நடந்து வந்த ஒரு தமிழாளைக் கூப்பிட்டார். தோட்டத்து ஆள். கம்பளியைத் தோளில் போட்டிருந்தார்.

நான் தோட்டத்துப் பேரைச் சொல்லிக் கேட்டேன்.

"அது வேற மலைங்க. நம்மளுது இந்தப் பக்கம்" என்றார். சாப்பிட உட்காருமுன் கையைக் கழுவிக்கொண்டு, ஈரக்கையால் காட்டினார். "நீங்க சொல்றது தோ, அந்த மலைக்குப் பின்னாடி. அங்க யாருங்க?"

"தங்கச்சி."

"பாத்துட்டு வர்றீங்களா?"

"இல்லே."

அவர் காட்டின பக்கம் மேகம்தான் இருந்தது.

"அங்க சோறு எப்டி?" என்றேன்.

"அரிசி குடுப்பாங்க. பத்தாது. இந்த மாதிரி கறியோட தின்னு ரொம்ப நாளாச்சுங்க."

என் பக்கத்துக் கறியை அவர் பக்கம் தள்ளினேன். அவர் வேண்டாம் என்றார். மறுபடியும் தள்ளினேன். சாப்பிட்டார். அவர் மென்று விழுங்குகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயபு கை கழுவி வந்தார். என் பக்கத்தில் நின்றார். "அடுத்த வருஷம் வரலாம்பா" என்றார்.

"சரி பாய்."

அடுத்த வருஷம் தோல் விலை விழுந்தது. சாயபு ஊரில் இருந்த தன் காரை விற்றார். நான் பிறகு கடல் தாண்டவே இல்லை.

கம்பளையில் அன்று வண்டியை மலையைப் பார்த்த மாதிரி நிறுத்தியிருந்தேன். ரோடு குறுகல். ஒரு பக்கம் பள்ளம். முன்னே விட்டுப் பின்னே இழுத்து, மறுபடியும் முன்னே விட்டு, வெகு நேரம் கழித்துத்தான் கொழும்புப் பக்கம் திருப்ப முடிந்தது.