அரிசிக்குள் வைத்த அப்பிள்

என் வீட்டு அரிசிப் பீப்பாவுக்குள் அரிசியைத் தவிர வேறொன்றையும் நான் வைப்பதில்லை. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் பழைய பகுதியான அல்பெர்கேரியாவில், மூன்றாம் மாடியில், சமையலறை என்று சொல்லக் கூச்சப்பட வேண்டிய ஓர் இடுக்கில் அது நிற்கிறது. வீட்டுக்கு வருகிற எங்கள் சனம் மாங்காய் கொண்டுவந்து, "அரிசிக்குள்ளை தாட்டு வையுங்கோ, ரெண்டு நாளிலை பழுத்திடும்" என்று சொன்னால், தலையை ஆட்டிவிட்டு மேசையில் வைத்துவிடுவேன். ஏன் என்று கேட்டால் சிரித்துச் சமாளிப்பேன். ஒரு யூன் மாதம் இதே போன்ற ஒரு பீப்பாவின் மூடியைத் திறந்தபோது என் அக்காவின் முகம் போன போக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

அக்கா அப்போது நகரத்துக்கு வெளியே கடலோர ஸ்ஃபெர்ராகவால்லோவில், மீன் உணவகங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு வீட்டில், வயதான ஒரு சின்யோராவை, தனியாக இருந்த வீட்டுக்காரியை, பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். பதினொரு வருடமாக அதே வீடு. அந்த வருடம் உயிர்த்த ஞாயிறுக்கு முன்னர் சின்யோராவுக்கு லேசாகப் பாரிசவாதம் வந்து போனது. கையும் காலும் தேறிவிட்டன. பேச்சு அநேகமாக நின்றுவிட்டது. சாப்பாடும் நாளுக்கு நாள் குறைந்தது. முதலில் அரைக் கோப்பை சூப், பிறகு நாலு கரண்டி, பிறகு உதட்டை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்புவது. வயது போனால் பசி குறையும் என்றார் வைத்தியர். வடக்கே வேலை செய்யும் மகனுக்கு அந்தப் பதில் போதவில்லை. ஸ்நாபக அருளப்பர் திருநாளுக்கு வருகிறேன், அன்றைக்கு அம்மா சாப்பிடுவதைக் கண்ணால் கண்டால் வீட்டிலேயே இருக்கட்டும், இல்லையென்றால் முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு வீட்டைப் பூட்டுவேன் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

வீட்டைப் பூட்டினால் அக்காவின் வேலை ஒப்பந்தம் முடிந்துவிடும். அந்த நேரம் பார்த்து அக்காவின் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி, புதுப்பிப்பதற்காகப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் கிடந்தது. ஒப்பந்தம் இல்லையென்றால் அது கிடந்த இடத்திலேயே கிடக்கும். அத்தானுடைய பத்திரங்களும் இரண்டு பிள்ளைகளுடைய பத்திரங்களும் அக்காவினுடையதில் தொங்கிக்கொண்டிருந்தன. ஆக, நாலு பேரின் வாழ்வு ஒரு கிழவி வாய் திறப்பதில் இருந்தது.

அக்காவின் நம்பிக்கை முழுவதும் முற்றத்து அப்பிள் மரத்தில்தான். சின்யோராவின் காலஞ்சென்ற கணவர் நட்ட மரம் அது. வெயிலும் உப்புக் காற்றும் தாங்கும் ஏதோ ஓர் இனம். மற்ற அப்பிள்கள் காயாகவே நிற்கும்போது அது யூன் கடைசியில், சரியாக அருளப்பர் திருநாளையொட்டிப் பழுத்துவிடும். பழம் சிறிது, தோல் மெல்லியது, ஒரு கன்னத்தில் மட்டும் சிவப்பு. அந்த மனிதரின் பெயர்ப் புனிதரும் அருளப்பர்தான் என்பதால், அன்றைக்கு அந்த அப்பிளை அவித்துத் தாயும் மகனும் சேர்ந்து உண்பது அந்த வீட்டு வழக்கம். வேறு எதற்கும் திறக்காத வாய் அதற்குத் திறக்கும் என்று அக்கா நினைத்தார். ஆனால் திருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது அக்காவின் பித்தப்பைக் கல் குத்தத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். பதில் ஆளாக நான் போனேன்.

அக்கா கட்டிலில் இருந்தபடியே உத்தரவு போட்டார். "மரத்திலை காய் எல்லாம் ஒண்டாப் பழுக்காது. ஒவ்வொரு நாளும் போய்ப் பார். கையிலை ஏந்தித் தூக்கேக்கை தானா வந்தால் மட்டும் எடு. எடுத்ததை அண்டைக்கே அவிச்சுக் குடு. அது ஒரு நாளும் வைச்சிருக்கேலாத பழம்." சாப்பாடு ஊட்டுவதைப் பற்றியும் ஒன்று சொன்னார்: "இருமுவா. இருமினாலும் விடாதை. வேண்டாம் எண்டுறதைத்தான் அப்படிக் காட்டுறா. சரியான பிடிவாதம்."

எனக்குக் கோபம் வந்தது. பழம் பழுக்க வைப்பதைப் பற்றி எனக்குப் பாடம் எடுப்பதா? கறுத்தக்கொழும்பான் மாங்காயை முற்றிய பதத்தில் ஆய்ந்து, அரிசிக்குள் தாட்டு, நாள் தவறாமல் எடுத்துக்கொடுத்த கை இது. இரண்டு நாள் மரத்தைப் பார்த்தேன். கறுப்புக் குருவிகள் மூன்று பழத்தைக் கொத்திவிட்டன. ஆபிரிக்கப் பக்கமிருந்து சூடான காற்று எழும்பியது. அது மரத்தைப் பிடித்து உலுக்கியது. அந்த மரத்தில் தொங்கியவை அப்பிள்கள் அல்ல, அக்காவின் குடும்பம். கதிரையைப் போட்டு ஏறி, இருந்த இருபத்திரண்டையும் பறித்து, அக்கா தனக்கென்று நகரத்துச் சந்தையான பல்லரோவில் வாங்கி வைத்திருந்த அரிசிப் பீப்பாவுக்குள் புதைத்தேன். அக்கா தொலைபேசியில் கேட்டபோது, "எல்லாம் பத்திரமா இருக்கு" என்றேன். அது பொய்யில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

திருநாளுக்கு முதல் நாள் காலை அக்கா வயிற்றில் தையலோடு வந்து இறங்கினார். வந்ததும் முற்றத்துக்குப் போனார். மொட்டை மரத்தைப் பார்த்தார். நான் பெருமையாகப் பீப்பாவைத் திறந்து காட்டினேன். மணம் வீட்டைத் தூக்கியது. பழங்கள் மஞ்சளாக, அழகாக இருந்தன. அக்கா ஒன்றை எடுத்துப் பெருவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. சாறில்லை, மொறுமொறுப்பில்லை, வெறும் மாப்பிடித்த சதை.

"ஏன்டி, நான் சொன்னது தமிழிலைதானே?"

"காத்து எல்லாத்தையும் கொட்டிப்போடும் எண்டு பயந்துபோனன், அக்கா."

"கொட்டினால் பொறுக்கி அண்டைக்கே அவிச்சிருக்கலாம். இப்ப என்ன செய்யப்போறாய்?"

நான் பேருந்து ஏறிப் பல்லரோவுக்கு ஓடினேன். கடை கடையாகக் கேட்டேன். ஒரு வியாபாரி சிரித்தே விட்டான். அந்த அப்பிள் சந்தைக்கு வராது, காலையில் பறித்தால் மாலைக்குள் முடிந்துவிடும், அது மரம் வைத்திருப்பவனுக்கு மட்டும் என்றான். அவன் தந்தது போன வருடம் பறித்துக் குளிரறையில் கிடந்த கல்லுப் பழம். அன்று பின்னேரம் அக்கா அதை ஒரு மணி நேரம் அவித்தார். தண்ணிச் சாற்றில் துண்டு துண்டாக மிதந்தது. முதல் கரண்டியிலேயே சின்யோரா இருமினார். முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டியது. வாயை மூடியவர் மூடியதுதான். அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "உங்கடை பிடிவாதத்துக்கு நாங்கள்தான் அழியப்போறம்" என்று சின்யோராவின் முகத்துக்கு நேரே தமிழில் ஏசினார். நான் அக்காவை அப்படிப் பார்த்ததேயில்லை.

மறுநாள் மகன் வந்தபோது எங்களிடம் அந்த மாப்பிடித்த பழங்களைத் தவிர வேறொன்றுமில்லை. அக்கா தோலைச் சீவி, தண்ணீர் விடாமல், கொஞ்சம் கறுவாவும் எலுமிச்சைப் புளியும் சேர்த்து அடுப்பில் வைத்தார். மூடி போடுமுன்பே கரைந்து, தடிப்பாக, ஒரு கட்டியுமில்லாமல் வந்துவிட்டது. மகன் முதலில் ஒரு கரண்டி வாயில் வைத்து, "இது அது இல்லையே. நாக்கைக் கூச வைக்கும் அந்தப் புளிப்பு எங்கே?" என்றார். அக்கா கோப்பையோடு சின்யோராவின் பக்கத்தில் போய் இருந்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

அக்கா ஊட்டினார். இடக்கையில் துவாயைத் தயாராக வைத்திருந்தார், இருமும்போது துடைக்க. சின்யோரா கொஞ்ச நேரம் வாய்க்குள் வைத்திருந்தார். தொண்டை ஏறி இறங்கியது. இருமல் வரவில்லை. பிறகு வாய் தானாகத் திறந்தது. இன்னொரு கரண்டி. இன்னொன்று. துவாய் அக்காவின் கையிலேயே காய்ந்து கிடந்தது. கோப்பை வழிக்கப்பட்டபோது மகன் தாயின் தலையில் முத்தமிட்டு, அம்மா இங்கேயே இருக்கட்டும் என்றார்.

பெர்மெஸ்ஸோ இலையுதிர் காலத்தில் வந்தது. சின்யோரா இன்னும் இரண்டு வருடம் இருந்தார். அக்கா இப்போது நகரத்துக்குள் வேறு வேலையில் இருக்கிறார், பிள்ளைகள் என்னைவிட உயரம். அந்த அரிசிப் பீப்பாதான் எல்லோரையும் காப்பாற்றியது என்று கோயிலடியில் பலமுறை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அக்கா அந்தக் கதைக்கு ஒருநாளும் சிரித்ததில்லை. நான் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று இருக்கிறது.

மகன் தொலைபேசியில் கதைக்க முற்றத்துக்குப் போனதும், பெருமையடிக்கலாம் என்று நான் சமையலறைக்குள் நுழைந்தேன். அக்கா தண்ணீர்த் தொட்டியைப் பிடித்தபடி நின்றார்.

"அவ இருமேல்லை. கவனிச்சனியா?"

"ஓம். நல்லதுதானே."

"தண்ணிச் சூப்பிலை பாஸ்தாத் துண்டு போட்டுக் குடுத்தனான். அது புரைக்கேறியிருக்கு. இது தடிப்பா, கட்டியில்லாமல் இருந்ததாலை இறங்கினது. அவவுக்குப் பசியில்லாமல் இல்லையடி, விழுங்கப் பயம். சொல்ல வாயுமில்லை. ரெண்டரை மாசமா நான் அந்த மனுசியைப் பட்டினி போட்டு, பிடிவாதம் எண்டு ஏசியிருக்கிறன்."

வேலை தப்பிவிட்டதே அக்கா, பத்திரம் வந்துவிடுமே என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் ஒன்பது நாள் அந்தக் கரண்டியைப் பல்லுக்குள் திணித்த என் கைக்கும் அதில் பங்கிருந்தது. இருமினாலும் நான் விடவில்லை.

அக்கா முகத்தைக் கழுவினார். சட்டியில் மிச்சமிருந்ததைக் கோப்பையில் எடுத்துக்கொண்டு போய், தையல் இழுக்க இழுக்கக் குனிந்து சின்யோராவின் முன்னால் உட்கார்ந்தார். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அம்மா" என்றார். பதினொரு வருடத்தில் அவரை அம்மா என்று அழைத்தது அன்றைக்குத்தான்.

அதில் ஒரு சொல்லும் விளங்காத சின்யோரா, அடுத்த கரண்டிக்காக வாயைத் திறந்தார்.