எழுத வேண்டாம் என்று சொன்ன பெயர்கள்

மஞ்சள் கடுதாசி என்று ஊரே சொல்கிறது. இருபத்திரண்டு வருடமாக நான் அடித்துக் கொடுத்த திவால் மனுக்கள் எல்லாம் வெள்ளைத் தாளில்தான் இருந்தன.

ஊட்டியில் ஒரு வக்கீல் ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். மெஷின் போய் கம்ப்யூட்டர் வந்த பிறகும் கோர்ட் வட்டாரத்தில் எனக்கு டைப்பிஸ்ட் ஸ்டெல்லா என்றுதான் பெயர். வாங்கிய கடனைக் கட்ட வழியில்லை என்று ஒப்புக்கொண்டு, யார் யாருக்குத் தர வேண்டும், கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று இரண்டு பட்டியல் கொடுத்து, இனி என்னை யாரும் நெருக்காமல் காப்பாற்றுங்கள் என்று கோர்ட்டைக் கேட்பதுதான் திவால் மனு. டூரிஸ்ட் வராமல் ஊரடங்கிக் கிடந்த அந்த இரண்டு வருடத்துக்குப் பிறகு எங்கள் ஆபீஸ் பெஞ்ச் காலியாக இருந்ததே இல்லை.

ஆபீஸ் மலைச்சரிவில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்துவிடும். வந்தவர்கள் அதைப் பார்த்தபடி பேச்சை நிறுத்திவிடுவார்கள், நானும் விரலை நிறுத்திவிடுவேன். அந்தக் கொஞ்ச நேரம் யாரும் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை என்பது போல இருக்கும். வக்கீல் ஐயா இருமினால்தான் நாங்கள் ஊட்டிக்குத் திரும்புவோம்.

மாதம் ஐந்தாம் தேதி போன் அடித்தாலே தவணை கேட்கத்தான் என்று எடுக்காமல் விடுகிற என் இனத்தாரே, இவள் கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். மகளின் நர்சிங் படிப்புக்கென்று மூன்று வருடம் நான் கட்டிய சீட்டுப் பணம் எங்கள் மாதா கோயிலுக்கு வரும் பிலோமினா அக்காவிடம் மாட்டிக்கொண்டிருந்தது. மகளின் அடுத்த வருடக் கட்டணத்துக்கு நான் நம்பியிருந்தது அதை மட்டும்தான். அந்தக் கவலையோடு உட்கார்ந்துதான் மற்றவர்களின் திவாலை அடித்துக்கொண்டிருந்தேன்.

ஜீப்காரரின் டீக்கடை

மசினகுடியில் இரண்டு ஜீப் வைத்து டூரிஸ்ட்களுக்குக் காடு காட்டிக்கொண்டிருந்தவர் ஒருவர் வந்தார். இரண்டையும் பைனான்ஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். தர வேண்டிய பட்டியலை அவர் உற்சாகமாகவே சொன்னார். பேங்க், இரண்டு பைனான்ஸ் கம்பெனி, செல்போன் ஆப்பில் கடன் கொடுத்த ஊர் பேர் தெரியாத யாரோ. நடுவில் ஒரு யானை ஜீப்பை மறித்த கதையும் வந்தது. நல்ல கதைதான், ஆனால் மனுவில் அதற்கு இடம் இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு குரலைத் தாழ்த்தினார். ஊரில் ஒரு டீக்கடையில் பதினொரு மாதமாகக் கடன் சொல்லிச் சாப்பிட்டிருக்கிறாராம். அந்தப் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்றார். ஒருவரையும் விடக்கூடாது, விட்டது தெரிந்தால் மனுவே தள்ளுபடியாகும் என்று சொன்னேன். பேங்க் கடனுக்கு வராத கூச்சம் டீக்கும் பொறைக்கும் ஏன் வருகிறது என்றும் கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. அவர் மேகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏனுங்க, பேங்க்காரனுக்கு என்ற மொகம் தெரியாதுங்க. டீக்கடைக்காரருக்குத் தெரியுமுங்க."

விலை தெரியாத மாவு

குன்னூரில் விறகு அடுப்பில் வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட் போடுகிறவர் வந்தது சொத்துப் பட்டியலுக்காக. உடுக்கும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் சாமான் இவற்றில் சட்டம் கைவைக்காது. அதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. பிறகு ஒரு சந்தேகம் கேட்டார். வர்க்கி மாவு புளிப்பதற்காக முந்தின நாள் மாவில் கொஞ்சம் எடுத்து வைப்பார்கள், அதற்கு மாவா என்று பெயர். அவர் வீட்டு மாவா அவருடைய அப்பா காலத்திலிருந்து ஒரு நாள் விடாமல் தொடர்ந்து வருகிறதாம். அதைக் கோர்ட்டில் எடுத்துக்கொள்வார்களா என்பதுதான் கேள்வி.

வக்கீல் ஐயா சிரித்துவிட்டார். சொத்து என்றால் மதிப்பு வேண்டும், இதற்கு ஏது மதிப்பு, விலை இல்லை என்று போட்டுவிடு என்று எனக்குக் கைகாட்டினார். அடிக்கப் போனவளை வர்க்கிக்காரர் தடுத்தார். கோபமே இல்லாமல், ஒரு தூக்கத்திலிருந்து பேசுகிற மாதிரி சொன்னார்: "விலை இல்லைன்னு போடாதீங்கம்மா. விலை தெரியலைன்னு போடுங்க."

நோட்டீஸ் வாங்கியவர்

மனு போட்டதும் கடன் கொடுத்த எல்லோருக்கும் கோர்ட் நோட்டீஸ் போகும். அப்படி ஒன்றை வாங்கிய வட்டிக்காரர் ஒருவர், கீழே சமவெளியிலிருந்து பஸ் ஏறி, ஸ்வெட்டர்கூட இல்லாமல் சண்டைக்கு வந்தார். கத்தக் கத்தப் பல் தந்தியடித்தது. பாவமாக இருந்ததால் டீ வாங்கிக் கொடுத்து ஹீட்டர் பக்கம் உட்கார வைத்தேன். பாதி டம்ளர் காலியானதும் கதவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்த மனு போட என்ன பீஸ் ஆகுமுங்க? எனக்கில்லீங்க, தெரிஞ்ச ஒருத்தருக்கு."

செக்ரோல்

கோத்தகிரிப் பக்கம் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர். சிறு வயதில் சிலோன் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். மழையில் சுவர் விழுந்த வீட்டைக் கட்டுவதற்குக் கடன் வாங்கி, அதைக் கட்ட இன்னொன்று வாங்கி, இப்போது ஐந்து இடத்தில் நிற்கிறது. அவரும் ஒரு பெயரை எழுத வேண்டாம் என்றார். பக்கத்து லயத்துக்காரி, அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் பக்கத்தில் இருந்தவள், தன் ரிட்டையர்மென்ட் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாளாம், தாள்கூட எழுதி வாங்கவில்லையாம்.

பேர் இருந்தால்தான் கோர்ட் அந்தக் கடனையும் கணக்கில் எடுக்கும் என்று மூன்று முறை சொன்னேன். தோட்டத்து வருகைப் புத்தகத்துக்கு செக்ரோல் என்று பெயர். அதில் பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி. கடைசியில் பக்கத்து லயத்துக்காரியின் பெயரைச் சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டார்: "அங்கிட்டு பேர் விழாட்டி சம்பளம் இல்ல புள்ள. இங்கிட்டு பேர் விழுந்தாத்தான் கடன் போகுமாக்கும். எந்தக் கடலத் தாண்டி வந்தாலும் எங்களுக்கு செக்ரோல்தான்."

முதல் பூசை

இப்போது பிலோமினா அக்கா. ஸ்வெட்டர் கடை வைத்திருந்தார், கூடவே கோயில் பெண்களுக்குச் சீட்டும் நடத்தினார். ஏமாற்றுக்காரி இல்லை. முன்னாலேயே சீட்டு எடுத்தவர்கள் பணம் கட்டாமல் நிறுத்திவிட, வெளியில் கடன் வாங்கி மற்றவர்களுக்குக் கொடுத்தார். கடையும் ஓடவில்லை. என் முறை வந்தபோது அவரிடம் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்கு வராமல் முதல் பூசைக்குப் போக ஆரம்பித்தார். நான் இரண்டாம் பூசை.

எட்டு மாதம் மனசுக்குள் அவரோடு சண்டை போட்டேன். பாத்திரம் கழுவும்போது நல்ல நல்ல வசனமாக வரும். ஒரு நாள் மார்க்கெட் இறக்கத்தில் எதிரிலேயே வந்துவிட்டார். அப்போது பார்த்து ஒரு மேகம் எங்களுக்கு நடுவில் இறங்கியது. இரண்டு பேரும் நின்றோம். வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றுகூட வரவில்லை, அவர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. விலகிப் போயிருக்கலாம், போகவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து குரல் வந்தது: "மேகம் ஜாஸ்தியா இருக்கு ஸ்டெல்லா. ஒண்ணுமே தெரியல."

பதினோராவது ஆள்

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் ஆபீஸ் பெஞ்சில் பிலோமினா அக்கா உட்கார்ந்திருந்தார். வேறு வக்கீலிடம் போனால் எனக்குத் தபாலில்தான் தெரியும், அது நன்றாக இருக்காது என்று இங்கேயே வந்தாராம். வக்கீல் ஐயா விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஸ்டெல்லா, நீ எதிர்மனுதாரர். ஆட்சேபணை இருந்தா வேற வக்கீல் பாத்துக்கோ. மனுவ நாலு மணிக்குள்ள அடிச்சுக் குடு."

பத்துப் பெயர் சொன்னார் அக்கா. பிறகு என் மேஜைப் பக்கம் குனிந்து, "உன் பேர மட்டும் எழுதாத. உனக்கு எப்பாடுபட்டாவது குடுத்துருவேன்" என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சபலம் தட்டியது. என் பெயர் இல்லாவிட்டால் மற்றப் பத்துக் கடனிலிருந்தும் அவருக்கு விடுதலை கிடைக்கலாம், என் கடன் மட்டும் உயிரோடு இருக்கும். மகள் அடுத்த வருடமும் காலேஜுக்குப் போவாள். விட்டது தெரிந்தால் மனு தள்ளுபடியாகி, பத்துப் பேரும் திரும்ப அவர் வீட்டு வாசலில் நிற்பார்கள். தெரியாமல் இருப்பதற்கும் வாய்ப்பு உண்டு. ஜன்னலில் மேகம் வந்து நின்றது, நானும் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் எங்கேயோ இருந்தேன். திரும்பி வந்தபோது கையிலிருந்த இரண்டு வளையல் கண்ணில் பட்டது. அடகு வைத்தால் ஒரு வருடக் கட்டணத்துக்கு வரும். பதினொன்று என்று போட்டு, என் பெயர், கணவர் பெயர், வீட்டு நம்பர் எல்லாம் அடித்தேன்.

கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் மனுவைச் சத்தமாக வாசித்துக் காட்டுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். ஒவ்வொரு பெயருக்கும் மனுதாரர் ஆமா சொல்ல வேண்டும். பத்துப் பெயருக்கும் அக்கா தரையைப் பார்த்தபடி ஆமா சொன்னார். பதினோராவது பெயரை வாசித்தேன். யாரோ ஒருத்தி பெயரை வாசிப்பது போலத்தான் இருந்தது. பதில் வரவில்லை. நான் இன்னொரு முறை வாசித்தேன். பிலோமினா அக்கா நிமிர்ந்து, ஒன்பது மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஆமா. இவளுக்குத்தான் நான் மொதல்ல குடுத்திருக்கணும்."

ஆக, என் பணம் எனக்கு வராது என்பதை ஓர் எழுத்துப்பிழைகூட இல்லாமல் நானே அடித்து, நானே வாசித்து, நாலு மணிக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே கொடுத்தும்விட்டேன்.